ஃபிளெக்ஸில் விடுபட்ட அப்பா

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க முடியாதவன் நான். அப்படிப்பட்டவனிடம் அக்கா கல்யாண பேனரை ஒப்படைத்தது எங்கள் வீட்டார் செய்த தப்பு. (அப்போதுதான் பழைய மேக் ஒன்று வாங்கியிருந்தேன். விண்டோஸ் வைத்திருப்பவர்களைப் பார்த்தாலே பாவமாக இருக்கும்.)

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில் இருப்பார்கள். குடும்பப் படம் எடுக்கும்போது அவர்களுக்கு இடம் விட்டு நிற்பது வழக்கம். பிறகு கப்பலில் எடுத்த படத்தை வெட்டி அங்கே ஒட்டிக்கொள்வோம். எங்கள் அப்பாவும் கல்யாணத்தன்று காலையில்தான் வந்து சேர்வதாக இருந்தது.

"ஏலே, ஒங்கப்பா மண்டபத்துக்குள்ள நுழையும்போது வாசல் பேனர்ல நாங்க ரெண்டு பேரும் சேந்து நிக்கணும். எனக்கு அது போதும்" என்றாள் அம்மா.

அப்பா உயரத்தில் ஓர் ஆள் நின்றால் அளவு சரியாக வருமே என்று, தண்ணீர் கேன் போட வந்த மிக்கேல் அண்ணாச்சியை அம்மா பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். (தோளில் இருந்த கேனை இறக்கக்கூட விடவில்லை.) கப்பலில் எடுத்த படத்திலிருந்து அப்பாவையும் பின்னால் கொஞ்சம் சுவரையும் தனி ஃபைலாகச் செய்து, அண்ணாச்சியை முழுசாக மறைக்கிற மாதிரி மேலே ஒரு லேயராக இணைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பென்டிரைவோடு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சியின் விண்டோஸ் கம்ப்யூட்டர் மேக்குக்காக ஃபார்மட் செய்த என் பென்டிரைவை மதிக்கவே இல்லை.

"ஃபார்மட் பண்ணவான்னு கேக்கு தம்பி. பேசாம ஒரு ஜேபெக் அனுப்பிருங்க."

ஜேபெக்கா! எல்லா லேயரையும் ஒரே படமாக அமுக்கி அனுப்ப நான் என்ன கத்துக்குட்டியா? "லேயரோட தாரேன் அண்ணாச்சி, நீங்களே கலர் திருத்திக்கிடலாம்" என்று வீட்டுக்கு ஓடி, மெயின் ஃபைலை மட்டும் நெட்டில் அனுப்பினேன். அப்பா இருந்த ஃபைலையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது அவசரத்தில் மறந்தே போனது.

சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, ஏதோ ஒரு ஃபைலக் காணலைன்னு காட்டுது. ஓகே குடுக்கவா?"

பந்தி, மைக் செட், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கார் என்று கால் தரையில் பாவாமல் அலைந்துகொண்டிருந்தேன். "குடுங்க, குடுங்க! எழுத்து சமாசாரமாத்தான் இருக்கும்."

பேனரைக் கடை ஆட்களே வந்து கட்டிவிட்டார்கள். நான் ஸ்டேஷனிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்தேன். மண்டப வாசலில் ஆள் உயரத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் கேனோடு மிக்கேல் அண்ணாச்சி. கீழே 'மணமகளின் பெற்றோர்'.

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார்.

"எட்டு மாசந்தாம்லே போயிருந்தேன்."

உள்ளேயிருந்து ஓடி வந்த அம்மா, பேனரைப் பார்த்து அழுதே விட்டாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்பா மட்டும் நேரே போய் மிக்கேல் அண்ணாச்சியை மறைத்து நின்றுகொண்டு, "ஏளா, இங்கன வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். பக்கத்து மாதா கோயிலில் கல்யாணப் பூசைக்கு மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்று வந்தவர்களை வரவேற்றார்கள். அளவு கச்சிதம். கேன் மட்டும் அப்பாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. அக்காவின் ஆல்பம் முழுக்க அது இருக்கிறது.

இப்போதும் கப்பலுக்குப் புறப்படும்போது அப்பா மிக்கேல் அண்ணாச்சிக்குப் போன் போடுவார்: "அண்ணாச்சி, கேன் தவறாம போடுங்க. போட்டோவுக்கு மட்டும் நிக்காதீக." பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, படியிறங்கி, திரும்பி என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"ஜேபெக்."