டவுன் பஸ் மேடம் கவிழ்த்த என் திட்டம்

திருச்சியில் ஒருவரைக்கூட விரோதித்துக்கொள்ளாத மனிதர் உண்டென்றால் அது எங்கள் டவுன் பஸ் மேடம்தான். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பதவி. ஜீப் வாசலில் நின்றாலும் அவர் டவுன் பஸ்ஸில்தான் சைட்டுக்குப் போவார். கண்டக்டர்கள் அவருக்கு ஜன்னலோர சீட் பிடித்து வைப்பார்கள். கேன்டீனில் எனக்கு வரும் டீ ஆறியிருக்கும். அவருடையதில் ஆவி பறக்கும். என் மனைவியே, "அந்த மேடத்தை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்களேன்" என்றாள். என்னை அவள் சாப்பிடக் கூப்பிடுவது குக்கர் விசிலோடு சரி.

ஜீயபுரம் பக்கம் வாழைத் தோட்டங்கள் இருக்கும் இடத்தில் புது நகர்கள் வளர, பெரிய ரோடும் குடிநீர்க் குழாயும் போடுவது என் திட்டம். கலர் கலராக மேப் வரைந்திருந்தேன். எங்கள் அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரத்தில் மேடம் சொன்னார்: "சார், ஒருவாட்டி பஸ்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாமே."

என் ஜோக்குக்கு ஒருநாளும் சிரிக்காத அதிகாரி, சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

போனது சுலபம். திரும்பத்தான் பஸ் வரவில்லை. உச்சி வெயிலில் அதிகாரி கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். அங்கே முன்பே வீடு கட்டிக் குடிவந்த ஒரு பெண் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"பஸ் எப்பம்மா வரும்?" என்று அதிகாரி கேட்டார்.

"வந்தாத்தாங்க தெரியும். காய்ச்சல் மாத்திரை வாங்கக்கூட டவுனுக்குத்தான் போகணும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாழை மரத்தைப் பார்த்தேன்.

மேடம் மெதுவாக ஆரம்பித்தார். "டவுனுக்குள்ள பாலக்கரைல பைப் இருக்கு, பஸ் இருக்கு, ஸ்கூல் இருக்கு சார். பூட்டிக் கிடக்குற நம்ம பழைய குடோன் இடமும் இருக்கு. அங்க மாடி வீடா கட்டிட்டா இவ்வளவு தூரம் குழாய் இழுக்க வேண்டாம். இந்த வாழையும் பொழச்சுக்கும்."

"இதை ஏன்யா நீ சொல்லல?" என்றார் அதிகாரி என்னிடம்.

என் திட்டம் போயிற்று. பாலக்கரைக் குடியிருப்புக்கு வரைபடம் போடும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். திறப்பு விழாவில் குடிவந்தவர்கள் மேடத்துக்குத்தான் சால்வை போர்த்தினார்கள். அவர் அதை எடுத்து என் கையில் திணித்தார்.

"வீட்டுக்கு வீடு காத்து வர்ற மாதிரி வரைஞ்சது இந்த சார்தாங்க. நான் வாய்தான் பேசினேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதுவும் அவருக்குத்தான்.

போன மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போது எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல்தான் பொறாமை.