கழுவுவதற்கு எடை இல்லை

கணக்கியல் பரீட்சையில் பாஸான மடையனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் புளியங்குளத்தில் அப்படி ஒருவன் திரிந்தான். நான்தான்.

என் மாமா அங்கே அரிசிமாவும் கறித்தூள்களும் அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் மில் வைத்திருந்தார். மகள் வசந்தியை எனக்குத் தருவதாகப் பேச்சு. "மருமோன், மில் கையைக் கடிக்குது. எதால நட்டமெண்டு பாத்துச் சொல்லும், பிறகு கலியாணத்தைப் பாப்பம்" என்றார்.

மில் எஞ்சின் குடிக்கும் மண்ணெண்ணெய், கூலி, பெல்ட் எல்லாச் செலவையும் கூட்டி, அரைத்த கிலோவால் பிரித்தேன். (பரீட்சைக்குப் படித்த புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் வேறொரு முறை இருந்தது. அதைப் படிக்கப் பஞ்சி, சோம்பல்.) மாதான் மூட்டை மூட்டையாகப் போவது. செலவெல்லாம் அதன் தலையில் விழுந்தது. "மாவால நட்டம், தூளால லாபம். தூளில பத்து வகை போடுவம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மில் ஓட்டியவள் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மாரியம்மா. பொறுமை என்ற சாமானே அவளிடம் கிடையாது.

"தூளு மாத்துற ஒவ்வொரு தடவையும் கல்லக் கழட்டித் தொடச்சு, உமி போட்டு ஓட்டுறோம். அந்த எண்ணெய எதுல எழுதுனீங்க தம்பி?"

"கல்லுக் கழுவுறதுக்கு எடை இல்லை அக்கா, கிலோக் கணக்கில வராது. அதை நிப்பாட்டுங்கோ."

"நல்லா இருப்பீங்க" என்றாள். கழுவல் நின்றது.

நிச்சயதார்த்தத்தன்று மில் மாவில்தான் புட்டு. செக்கச்செவேல் என்று இருந்தது. சிவப்புப் பச்சையரிசி என்று எல்லோரும் நம்பினார்கள். (நானுந்தான், ஞானசூனியம்!) முதல் பிடியிலேயே மாமா கதிரையோடு சாய்ந்தார். பெரியம்மா "ஐயோ அம்மாளாச்சி!" என்று கிணற்றடிக்கு ஓடினா. சபை முழுக்கக் கண்ணீர். மாவுக்கு முன்னால் அந்தக் கல்லில் அரைபட்டது மிளகாய்.

"மில்லுக்குக் கணக்குப் பாக்கிற ஆள் இவரே?" என்று வசந்தி கேட்டாள். செத்துப்போகலாம் போல இருந்தது.

மறுநாள் மாரியம்மா மாமாவை மில் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். ஒவ்வொரு கழுவலுக்கும் அவள் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். மாவுக்கு நாலைந்து கோடு, தூளுக்குச் சுவர் கொள்ளாத கோடு. மாமா கழுவலுக்குச் செலவான மண்ணெண்ணெயை அந்தக் கோடுகளால் பிரித்தார். லாபத்தைத் தின்றது தூள்தான். எங்களுக்குச் சோறு போட்டது, நான் நட்டமென்று தீர்ப்புச் சொன்ன மா. பிறகு கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். கிலோவால் அல்ல, வேலையின் எண்ணிக்கையால் செலவைப் பிரிக்கும் அந்தக் கரிக்கோட்டுக்குத்தான் அதில் ஏதோ பெரிய பெயர் போட்டிருந்தது.

கலியாணம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அதுவரை கல் கழுவும் வேலை எனக்கு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புட்டு அவித்தால் முதற்பிடி எனக்குத்தான். மரியாதை என்று நினைக்காதீர்கள். நான் விழுங்கி, என் கண் கலங்காவிட்டால்தான் வசந்தி மற்றவர்களுக்குப் போடுவாள்.