ஞானக்கண்ணரும் நகல் பிழையும்

ஞானக்கண்ணர் வருகிறார் என்றால் அந்த மென்பொருள் அலுவலகத்தில் போன்களெல்லாம் ஊமையாகிவிடும். மேனேஜர் நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போடுவார். பட்டம் வாங்கிய கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்கும்.

நிற்காதா பின்னே? மருத்துவமனைகளுக்கு அவர்கள் செய்து தரும் மென்பொருளில் ஊழியர்கள் ஒரு பிழையைத் திருத்தியதும் அவர் கண்ணை மூடுவார். "இன்னொண்ணு இருக்கு. பில் போடுற திரையில ஒளிஞ்சிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். ஒவ்வொரு ஆரூடத்துக்கும் தனிக் கட்டணம். ஞானம் சும்மா வருமா?

அவர் போட்ட விதி ஒன்றுதான். மென்பொருளில் எந்தக் கணக்கீட்டையும் பொதுவான ஒரே இடத்தில் எழுதக் கூடாது, கண் பட்டுவிடும். ஒவ்வொரு திரைக்கும் தனியாக நகல் எடுத்து ஒட்ட வேண்டும். பக்தியோடு ஒட்டினார்கள்.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கப் புதிதாக வந்த பெண்ணை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வருடம் பிறந்த கையோடு ஒரு நர்ஸ் அவளுக்குப் போன் செய்தார். "போன மாசம் பிறந்த குழந்தைக்கு உங்க மருந்துத் திரையில ஒரு வயசுன்னு காட்டுதும்மா. மருந்து அளவும் அதுக்கேத்த மாதிரி வருது. நான் கவனிக்காம விட்டிருந்தா?"

அக்கா உடனே அந்தத் திரைக்கான நிரலைத் திறந்து பார்த்தாள். இந்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழித்து, அதையே வயது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"பதிவுத் திரையில இதை அப்பவே திருத்திட்டோமே அக்கா," என்றான் பக்கத்து இருக்கைக்காரன். "மருந்துத் திரையை ஞானக்கண்ணர் இன்னும் பார்க்கல."

"அவரு கண்ணை மூடுற வரைக்கும் குழந்தைங்க காத்திருக்கணுமா?"

தவறான வரியை எடுத்துத் தேடல் பெட்டியில் போட்டாள். திரை நிரம்பி வழிந்தது. எல்லா இடத்திலும் அதே வரி, அதே தப்பு.

"பிழை எங்கயும் ஒளியல. நாமதான் வீடு வீடாக் கொண்டுபோய்க் குடிவெச்சிருக்கோம்."

மேனேஜரை ஒருவழியாகச் சம்மதிக்கவைத்து, வயதுக் கணக்கை ஒரே இடத்தில் சரியாக எழுதினாள். எல்லாத் திரைகளும் அங்கே வந்து கேட்டுக்கொள்ளும்படி செய்து, நகல்களை அழித்தாள். நர்ஸிடம் பேசி, மருந்து அளவு சரியாக வருவதை உறுதி செய்துகொண்டாள். "இப்ப அவரைக் கூப்பிடுங்க சார். நான் செஞ்சதை மட்டும் சொல்லாதீங்க."

வந்தார். மருந்துத் திரையில் வயதைத் திருத்திவிட்டோம் என்றார் மேனேஜர். கண்கள் மூடின.

"ஆய்வகத் திரை."

திறந்தார்கள். குழந்தைக்கு ஒரு மாதம் என்று சரியாக இருந்தது.

"அப்ப பில் திரை."

அங்கும் சரி.

"அறை ஒதுக்குற திரை," என்றபோது குரல் இறங்கியிருந்தது. அதுவும் சரி.

"யாரோ தடை பண்றாங்க," என்றார் நெற்றியைத் துடைத்தபடி.

"நான்தாங்க. நகலையெல்லாம் எடுத்துட்டேன்," என்றாள் அக்கா.

மேனேஜருக்கு இன்னும் விளங்கவில்லை. "இத்தனை நாளா எப்படிம்மா கரெக்டா சொன்னாரு?"

"ஒரே தப்பை எல்லா இடத்திலயும் ஒட்டச் சொன்னவருக்கு, அது எங்க இருக்குன்னு தெரியாதா சார்?"

ஞானக்கண்ணர் பையை எடுத்துக்கொண்டு, இந்த முறை கண்ணை நன்றாகத் திறந்துவைத்தே படியிறங்கினார்.

"இனிமே பிழை வந்தா யாரைக் கேக்கறது?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன், அனாதையானவன்போல.

"கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கியே, அதைக் கேட்டுப் பாரு. முடி வெட்டிக்க மட்டுமே அதைச் சுமந்துட்டுத் திரியாதே."