கஸ்டம்ஸ் காக்காவும் எழுதாமல் விட்ட கூனியும்

உலகத்துச் சுங்க அதிகாரிகள் எல்லோரும் ஒருநாள் ஒன்றுகூடி, "நமக்கு இவ்வளவு வேலை வைக்கிற அந்த ஆள் யார்?" என்று தேடிப் புறப்பட்டால், கடைசியில் அவர்கள் வந்து நிற்கப்போவது காத்தான்குடியில், என் காரியாலயத்துக்குக் கீழே இருக்கிற துணிக்கடையில்தான். அங்கே ஒரு மனிதர் ஆண்கள் இடுப்பில் உடுக்கிற கைத்தறிச் சாரன் மடித்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் யார், எவர் என்று கேட்க மாட்டார். முதலில் எல்லோருக்கும் பிளேன்டீ சொல்லுவார்.

அவர்தான் கஸ்டம்ஸ் காக்கா. மூத்தவரைக் காக்கா என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கம். முஸ்லிம் இல்லாவிட்டாலும், தன்னாமுனையிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் எனக்கும் அவர் காக்காதான். முன்னால் ஒட்டிக்கொண்ட 'கஸ்டம்ஸ்' அவர் பார்த்த உத்தியோகம் இல்லை. வளைகுடாவில் லொறி ஓட்டிவிட்டு வந்து கடை போட்டவர். மருமகன் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுக்க, வெளிநாட்டிலிருந்து ஓடர்கள் வரத் தொடங்கின. அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை அவர் வாயில் கஸ்டம்ஸ் தவிர வேறு பேச்சு இல்லை. பெயரை ஊர் தானாகவே வைத்துவிட்டது.

நான் மேல்மாடியில் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதிப் பத்திரமும் மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். காக்காவின் பார்சல்களுக்கு இங்கிலீசில் எழுதிக் கொடுப்பதும் என் தலையில்தான் விழுந்தது. பக்கத்தில் இருப்பவனுக்கு இந்த உலகத்தில் கதிமோட்சம் கிடையாது.

எழுதுவதில் அவருக்கு அப்படி ஒரு நேர்மை. பார்சலின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, "சாரன் ரெண்டு. ஒண்டு பச்சை, மத்தது பச்சையெண்டும் சொல்லலாம், நீலமெண்டும் சொல்லலாம்" என்று எழுதச் சொல்லுவார். எதற்குப் பயன்படும் என்றால், "ஒண்டு வீட்டுக்கு, ஒண்டு வெள்ளிக்கிழமைக்கு." இதை அப்படியே மொழிபெயர்த்து எழுதினேன். ஒரு நாட்டுச் சுங்கம் அந்தப் பார்சலைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்று விசாரித்துக் கடிதம் போட்டது. அந்த நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் அங்கே விசா கிடைக்க வேண்டியிருக்கிறது.

பார்சல் எங்கே நிற்கிறது என்று போனில் பார்த்து, வாங்கியவர்களுக்குக் குரல் செய்தி அனுப்புவது அவருடைய அடுத்த வேலை. மேல்மாடிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். "மகள், பார்சல் சுகமா எறங்கிட்டு. ஆனா வாசல்ல நிப்பாட்டி வச்சிரிக்கானுகள். குளிருமெண்டு நான் ரெண்டு பேப்பர் கூடச் சுத்தித்தான் விட்டன். நீங்க யோசிக்காதீங்க." சாரன் வாங்கப்போன அந்தப் பிள்ளை, அனுப்பியது துணியா குழந்தையா என்று குழம்பியிருக்கும்.

இத்தனை நேர்மையான மனிதரின் பார்சல் ஏன் மாதக்கணக்கில் சுங்கத்தில் கிடக்கிறது? எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. விளங்கியது வட்டிலப்பத்தால்.

ஒருநாள் கனடாவுக்குப் போன பார்சல் ஒன்று திரும்பி வந்தது. சாரன்களுக்கு நடுவில் ஒரு டப்பா. அதைத் திறந்தபோது உள்ளே இருந்தது தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலப்பமாகப் போய், தாடியும் மீசையும் வளர்த்துக்கொண்டு திரும்பியிருந்தது. கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் பிரதான வீதிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன், மாடியிலிருந்து.

விசாரித்ததில் உண்மை வெளியே வந்தது. காக்கா எந்தப் பார்சலையும் வெறும் துணியாக அனுப்பியதே இல்லை. ஒருவருக்குக் கரடியனாற்றுத் தேன், ஒருவருக்கு மஸ்கட் இனிப்பு, ஒருவருக்கு வயல்வட்டையிலிருந்து வந்த புது நெல்லின் அரிசி, நாலு பிடி. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்த எனக்கும் தெரியாது.

"காக்கா, சாப்பாட்டுச் சாமான் வைத்தால் அதை எழுதத்தானே வேணும்? எழுதாமல் விட்டால் ஒளித்துக் கடத்துகிறீர்கள் என்றுதானே நினைப்பார்கள்?" என்று கத்தினேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "தம்பி, அது விக்கிற சாமானா? மனசால குடுக்கிறது. அதப் போய்க் கடதாசில எழுதி, 'இந்தா பாரு, இதயும் குடுத்திரிக்கன்' எண்டு சொல்லிக்காட்டுறதா? நல்ல வீட்டுல பொறந்தவன் செய்ற வேலையா அது?"

வாதாடிப் பார்த்தேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது எங்கள் ஊரில் கொடுக்காமல் இருப்பதைவிடக் கேவலம். அதை ஒரு சுங்கப் படிவம் கேட்கிறது என்பதற்காக மாற்றிக்கொள்ள அவர் தயாராக இல்லை. படிவத்தை வளர்த்தவர்கள் சரியாக வளர்க்கவில்லை என்பது அவர் முடிவு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தேற்றாத்தீவு மகளின் ஓடர் வந்தது. தேற்றாத்தீவில் பிறந்து, ஐரோப்பாவில் குடியிருக்கும் ஒரு பெண். ஊரிலிருந்து தகப்பனையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவர் விழுந்து இடுப்பு உடைந்து, ஒப்பரேஷன் முடிந்து, எலும்பு நன்றாகப் பொருந்தியும்விட்டது. ஆனால் மனிதர் கட்டிலைவிட்டு இறங்க மறுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த காற்சட்டையைப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு நாலு பொம்பிளப் புள்ளைகளுக்கு முன்னால நான் நடக்கிறதா? எனக்குச் சாரன் வேணும்" என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டார். ஊரிலிருந்து கொண்டுபோன சாரன்களை ஆஸ்பத்திரிச் சலவை இயந்திரம் எப்போதோ கந்தலாக்கிவிட்டது. அங்கே கடையில் வாங்கிக் கொடுத்ததைத் தடவிப் பார்த்து, "இது சாரனில்ல, யன்னல் சீல" என்றாராம்.

"காக்கா, இந்த மாசத்துக்குள்ள எழும்பி நடக்காட்டி இனி நடக்கவே மாட்டாரெண்டு டொக்டர் சொல்லிட்டார்" என்று மகள் போனில் அழுதாள். "கெதியா அனுப்புங்க."

காக்கா அன்றைக்கே அனுப்பினார். இருக்கிறதில் நல்ல கட்டம் போட்ட சாரனாகத் தெரிந்தெடுத்தார். நான் பக்கத்தில் நின்று சாட்சி பார்த்தேன். "வேறு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல தம்பி" என்றார். நான் பிளேன்டீயைக் குடிக்கத் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

பார்சல் சுங்கத்தில் நின்றது. அறிவித்தல் மின்னஞ்சலில் வந்தது. பொதிக்குள் அறிவிக்கப்படாத கடலுணவு. அனுப்பியவர் அதை அழிக்கச் சம்மதித்தால் துணி விடுவிக்கப்படும், இல்லாவிட்டால் முழுவதும் திருப்பி அனுப்பப்படும்.

"கடலுணவா?" என்றேன்.

"கொஞ்சம் கூனி" என்றார் காக்கா. வாவியில் பிடித்துக் காயவைத்த பொடி இறால். "வாவிக்கரையில வளர்ந்த மனுசன் தம்பி. ஆஸ்பத்திரிச் சோறு எப்பிடி எறங்கும்?"

"சரி, அழிக்கச் சம்மதம் என்று எழுதுகிறேன்."

"சாப்பாட்ட அழி எண்டு என்ட வாயால சொல்லவா?" காக்கா எழுந்துவிட்டார். "சோத்துப் பருக்கை விழுந்தா எடுத்து ஒரு ஓரமா வைக்கிற ஆக்கள் நாங்க. என்னால ஏலாது. அந்த ஒபிசரோட நானே கதைக்கிறன்."

பின்னேரம் போனை ஒலிபெருக்கியில் போட்டேன். எடுத்தவர் ஒரு பெண் அதிகாரி, நல்ல நிதானம். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான் மாட்டிக்கொண்டேன். சத்தியம் செய்து தொழில் செய்கிறவன், ஒரு சொல்லையும் மாற்ற முடியாது.

"தங்கச்சி, அழிக்காதீங்க. தேங்காய்ப்பூவும் பச்சமிளகாயும் போட்டுச் சுண்டி, நீங்க சாப்பிடுங்க. வெங்காயம் கொஞ்சம் கூடப் போடுங்க."

சொன்னேன். அதிகாரிகள் பொதிகளைச் சாப்பிடுவதில்லை என்றார்.

"அப்ப ஏழைகளுக்குக் குடுங்க."

அனுமதி இல்லை.

"உங்கட கந்தோர்ல பூனை இல்லியா?"

இதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி அதற்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். "பூனை இல்லை. நாய் இருக்கிறது. அதுதான் கண்டுபிடித்தது."

காக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப அதுக்கே குடுங்க! பாடுபட்டுக் கண்டுபிடிச்சது, அதுக்கு உரித்து இரிக்கி."

நாய் கடமையில் இருப்பதாகவும், அதற்கு வேறு சாப்பாடு இருப்பதாகவும் அதிகாரி விளக்கினார். அவருடைய குரலில் மெல்ல ஒரு நடுக்கம் வந்துவிட்டது. கோபமா சிரிப்பா என்று தெரியாமல் எனக்கு வியர்த்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன்: "காக்கா, அந்த மனுஷன் போர்வைக்குள்ள கிடக்கிறார். மாசம் முடியப்போகுது."

காக்கா கதிரையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அழிக்கச் சொல்லுங்க தம்பி" என்றார். "ஆனா ஒருக்கா மணந்து பாத்திட்டு அழிக்கச் சொல்லுங்க. ஒருத்தரும் ஒண்டும் அனுபவிக்காமப் போயிரக் கூடாது."

சொன்னேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லோரும் வந்த நாளிலிருந்து அதைத்தான் மணந்துகொண்டிருக்கிறோம் என்றார்.

சாரன் போய்ச் சேர்ந்தது. பிறகு நடந்ததை மகள் சொன்னாள். பொதியைப் பிரித்ததும் தாதி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைக் கழுவ வேண்டும்" என்று கையை நீட்டினாளாம். கூனியைத்தான் சுங்கத்தால் எடுக்க முடிந்தது. வாசத்தை எடுக்க அவர்களிடம் ஒரு சட்டமும் இல்லை. பெரியவர் சாரனைப் பறித்து முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு அதை உடுக்க வேண்டும், பிடித்துவிடு என்றார். உடுத்தார். உடுத்த கையோடு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுவரை போனார். இது தன்னுடைய சிகிச்சை என்று அந்தத் தாதி நினைத்திருப்பாள், பாவம்.

மறுநாள் பெரியவரே குரல் செய்தி அனுப்பினார். "தம்பி, நான் நடந்திட்டன். சாரன் அந்த மாதிரி. ஆனா இதுக்குள்ள கூனி மணக்குதே. கூனி எங்க?"

கூனி வைத்ததைக் காக்கா அவர்களுக்குச் சொல்லியிருக்கவே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு என் மாடிக்கு ஏறி வந்தார். கண் கலங்கியிருந்தது. "கேக்கிறார் தம்பி. பொய் சொல்லேலாது. சொன்னா, சொல்லிக்காட்டினதாப் போயிரும்." கடைசியில் வாயை விரலால் மறைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் வெட்கத்தோடு, "கொஞ்சமா வச்சன் அண்ணன்... நாய் புடிச்சிட்டு" என்று பதில் போட்டார். பெரியவர் நடந்துவிட்டார் என்று அந்த அதிகாரிக்கும் எழுதச் சொன்னார். சந்தோஷம், இனிமேல் உணவு வைத்தால் தயவுசெய்து அறிவிக்கவும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை மொழிபெயர்க்கச் சொல்லி, என்னை மூன்று தரம் வாசிக்கவைத்தார்.

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்குக்கு வந்தோம். பார்சலில் வைத்ததை அவர் என் காதுக்குள் சொல்லுவார், நான் படிவத்தில் எழுதுவேன். நான் எழுதினால் அவர் சொல்லிக்காட்டியதாகாதாம். அதனால் தாமதம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முன்பு எழுதாததற்காகப் பிடித்தார்கள், இப்போது எழுதியதற்காகப் பிடிக்கிறார்கள். தேன் வேண்டாம், கருவாடு வேண்டாம், விடுங்கள் என்று நான் தினமும் சண்டை பிடிக்கிறேன். அவரும் ஓம், ஓம் என்கிறார்.

ஆனாலும் ஒவ்வொரு முறை அவர் படியேறி வந்து என் காதுப்பக்கம் குனியும்போதும், இன்றைக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.