மேற்கு அறையும் மர வருடத்துக்காரனும்

இந்த வீட்டில் ஒரே ஒரு அறையாவது என் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்று முடிவு கட்டினேன். மகள் கல்யாணமாகி ஷா டின்னுக்குப் போய்விட்டாள். அவள் அறை காலி. அதில் நாலு பேர் ஆடும் மாஜாங் ஆட்டத்துக்கு மேஜையைப் போட்டு, நண்பர்களோடு ஞாயிறு முழுக்கக் கட்டைகளை உருட்ட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மனைவி சூக்-யீயிடம் நேராகக் கேட்டால் நடக்காது. ஆனால் ஃபெங் சுயி என்றால் மறுபேச்சு கிடையாது. செருப்பு அலமாரியைக்கூடத் திசை பார்த்துத்தான் வைப்பாள். ஆகவே குவான் மாஸ்டரைப் பிடித்தேன். ஃபெங் சுயி பார்ப்பது அவர் தொழில். மாஜாங்கில் என் கூட்டாளி. வறுத்த முழு வாத்து ஒன்றை வாங்கிக் கொடுத்து, சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தேன்.

மாஸ்டர் வந்தார். திசைகாட்டித் தட்டைக் கூடத்தின் நடுவில் வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அம்மா, அந்த ரூம் மூடியே கெடக்குது. காத்து தேங்கிப்போச்சு. சதுர மேஜை போட்டு, நாலு திசைக்கும் நாலு பேர் உக்காரணும். சத்தம் கேக்கணும். அப்பத்தான் வீட்டுக்கு உயிர் வரும்."

"மாஜாங் மாதிரியா மாஸ்டர்?"

"மாஜாங்னே வச்சுக்குங்களேன்."

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "வீட்டு நல்லதுக்குன்னா ஆடித்தானே ஆகணும்."

சூக்-யீ அவருக்குத் தேநீர் ஊற்றினாள். "அந்த ரூம் எந்தத் திசை மாஸ்டர்?"

"மேற்கு. உலோகத்தோட எடம்."

"இவரு மர வருஷத்துல பொறந்தவரு."

எங்கள் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஒரு பூதம் உண்டு. மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டார். திசைகாட்டியைக் கையில் எடுத்துவிட்டால் அந்த மனிதருக்கு வாத்தும் தெரியாது, நட்பும் தெரியாது.

"உலோகம் மரத்த வெட்டும்மா. பாக்-ஹோய் அங்க உக்காந்தா உடம்புக்கு ஆகாது."

"பரவால்ல, நான் தாங்கிக்கிறேன்."

"சும்மா இருங்க. உங்க உடம்புதான் எனக்கு முக்கியம்," என்றாள் சூக்-யீ. "நான் மண் வருஷம், மாஸ்டர்."

"மண்ணுலேர்ந்துதானே உலோகம் பொறக்குது. நீங்க பேஷா உக்காரலாம்."

"என் தங்கச்சி வருவா, எதிர்வீட்டு ஃபூவம்மா வருவாங்க. நாலாவது ஆளு?"

மாஸ்டர் விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டிக் கணக்குப் பார்த்தார். "நானும் மண் வருஷந்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப இவர எங்க வைக்கிறது மாஸ்டர்?"

"மரம் நெருப்ப வளக்கும். இவருக்கு அடுப்படிதான் ராசி."

இன்று ஞாயிறு. மேற்கு அறையில் கட்டைகள் உருள்கின்றன, ஒரே சிரிப்பு. வீட்டுக்கு உயிர் வந்துவிட்டதென்று ஒப்புக்கொள்கிறேன். நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

"பாக்-ஹோய்," உள்ளிருந்து மாஸ்டர் குரல் கொடுக்கிறார், "இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போடுப்பா."