ஒருவரி உபதேசியாரும் இருபது கூரைகளும்

அட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நடுவே கடவுளைக் குழப்பியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவரைக் குழப்பத்திலேயே குடியிருக்க வைத்தவர் எங்கள் ஒருவரி உபதேசியார் ஒருவர்தான்.

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட மாஸ்டர். அங்கே தகரம் போட்ட சின்னத் தேவாலயம் ஒன்று இருந்தது. பாதிரியார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது உபதேசியார்தான். கறுப்புக் கோட்டும் குடையும் உண்டு. காலுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அட்டைகள் அவரைக் கண்டால் வழிவிட்டு நிற்காது, வழிநெடுக வரவேற்கும்.

அறுப்புப் பண்டிகைக்கு வருடா வருடம் புதுப்பாட்டு வேண்டும். அதை யாரும் தனியாக எழுதக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒரு மாதத்துக்கு முன்பே கொப்பியும் பென்சிலுமாக, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் இறங்கிவிடுவார். வீட்டுக்கு ஒரு வரி. என்ன வேண்டுமோ அதை ஆண்டவரிடம் நேராகக் கேட்க வேண்டும். ஒரு வீட்டு வரியில் அடுத்தவர் கை வைக்கக் கூடாது. வேதக்காரர் வீடு, சாமி கும்பிடுகிற வீடு என்ற பேதமும் கிடையாது. எல்லோரும் ஒரே பீலியில்தானே தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பார்.

இந்த வரிகளுக்கு மெட்டுப் போட்டு ஆர்மோனியம் வாசிக்கும் தண்டனை எனக்கு. ஒரு வரி முழ நீளம் இருக்கும், அடுத்தது விரல் நீளம். தாளமோ காமன் கூத்திலிருந்து வரும். பாதிப் பாட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் ஒரு வரி அளவுக்குச் சொல்லே இல்லாமல் விட்டிருப்பார். அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, நான் மட்டும் பெட்டியை அமுக்கிக்கொண்டிருப்பேன். மனிதருக்குத் தாளம் புரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் போன முதல் வருடம் ஒரு வீடு கொழுந்து தளிர்க்க மழை கேட்டது. அடுத்த வீடு மழையை உடனே நிறுத்தச் சொன்னது. ஆண்டவர் இதில் எதைத்தான் செய்வார் என்று கேட்டேன்.

"அத அவரு பாத்துக்குவாருங்க மாஸ்டர். கேக்குறது நம்ம வேலை" என்றார்.

மறு வருடம் ஒரு வீடு, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையின் தராசைக் கொஞ்சம் கவனியும் சுவாமி என்று கேட்டுவிட்டது. கணக்கப்பிள்ளையும் ஒரு வீடுதானே? தராசைக் குறை சொல்லும் வாய்களை மன்னியும் என்று அவர் அடுத்த வரி கொடுத்தார். இரண்டையும் எல்லோரும் சேர்ந்து பாடினோம். கணக்கப்பிள்ளை தன் தராசைக் குறை சொன்ன வரியைத்தான் உரத்துப் பாடினார். அன்றைக்கு யார் யாரை மன்னித்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கடுத்த வருடம் ராக்கேலின் புருஷன் இறந்து போனான். கைக்குழந்தையோடு அவள் லயத்துக் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்தாள். கூரை சல்லடையாகிவிட்டிருந்தது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தகரம் கேட்டதற்கு, மழை முடியட்டும் பார்க்கலாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை குழந்தை தாங்குமா என்று லயத்தில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

உபதேசியார் கொப்பியைக் கொண்டுவந்தார். இருபத்தொரு வீட்டு வரிகள். அதில் இருபது, ராக்கேல் வீட்டுக் கூரையைப் பற்றி. கணக்கப்பிள்ளை வரியும் அதேதான். இந்த முறை அடுத்த வீடு என்ன கேட்டது என்று எந்த வீட்டுக்கும் தெரியாது. தான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை என்று உபதேசியார் சத்தியம் செய்தார். ராக்கேல் மட்டும் வேறு கேட்டிருந்தாள்: உபதேசியார் காலுக்கு ஒரு சோடி சப்பாத்து.

எனக்குக் கோபம் வந்தது. "இது பாட்டே இல்லீங்க. ஒரே மனுவ இருபது தடவ எழுதியிருக்கு. ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் வெட்டிருவோம்."

"வெட்டுங்க மாஸ்டர். எந்தெந்த வீட்ட வெட்டுறீங்கன்னு நீங்களே போயி அவங்ககிட்ட சொல்லிருங்க."

நான் போகவில்லை.

பண்டிகையன்று தோட்டத்தை நடத்தும் துரை வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒரு வரி என்ற வழக்கம் அவருக்கும் தெரியும். தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி இங்கிலீஷில் சொன்னார். துரை மனதில் ராக்கேல் பெயர் பதிந்தால் அவளுக்கு வம்பாகிவிடும் என்று பயந்து, நல்ல மனுஷன், பெயரை மட்டும் விழுங்கிவிட்டார். "இந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது" என்று இருபது தடவை சொன்னார். உபதேசியார் வரி வரியாக எடுத்துக் கொடுக்க, எல்லா வீடும் ஒன்றையே கேட்டிருப்பது அப்போதுதான் தெரிந்து, பாடியவர்களோ ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். துரை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். முகம் வரவர வெளுத்தது. தன் தோட்டத்தில் இத்தனை ஓட்டையா என்று திகைத்துப் போனார்.

அந்த வாரமே லொறி வந்தது. இருபது வீட்டுக்கும் வீட்டுக்கு இரண்டு தகரம். சப்பாத்துக் கேட்ட வீட்டுக்குத் துரையின் பழைய பூட்ஸ் ஒரு சோடி. நடந்த தவறை எடுத்துச் சொல்லக் கிளாக்கருக்குத் தைரியம் வரவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே, இடுப்பில் இருமும் குழந்தையோடு, கையில் பூட்ஸோடு ராக்கேல் நின்றாள். வரி கொடுத்த வீடுகளில் தகரம் கிடைக்காத ஒரே வீடு அவளுடையது. நான் உபதேசியாரை முறைத்தேன். உங்கள் சட்டம் செய்த வேலையைப் பாருங்கள் என்று சொல்லவும் செய்தேன்.

அவர் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கருப்பையா முதலில் வந்தார். மாரியம்மன் கோயிலில் தப்படிப்பவர். தன் பங்கில் ஒரு தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாசலில் போட்டார். பின்னாலேயே அடுத்த வீடு வந்தது, அதற்கடுத்த வீடும் வந்தது. கடைசியாகக் கணக்கப்பிள்ளை, ஆள் வைத்து அல்ல, தானே சுமந்து வந்தார். இருபது தகரம். கூரைக்குத் தேவை பத்துத்தான். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோக எந்த வீடும் சம்மதிக்கவில்லை. ஆகவே அந்த மலையிலேயே இரட்டைத் தகரக் கூரை ராக்கேல் வீட்டுக்குத்தான். குழந்தையின் இருமல் மெல்ல மெல்ல நின்றது.

பூட்ஸ் உபதேசியாருக்கு இரண்டு அளவு பெரிது. உள்ளே பழைய துணியைத் திணித்துக்கொண்டு லொடக்கு லொடக்கென்று ஏறி வருவார். அந்தச் சத்தம் கேட்டால் பாட்டு மாதம் பிறந்துவிட்டது என்று நான் தலையில் கை வைத்துக்கொள்வேன்.

சில வருடங்கள் கழித்து அவரைத் திம்புள்ளப் பக்கம் மாற்றினார்கள். கொட்டகலை ஸ்டேஷனில் வழியனுப்பும்போதுதான், பாட்டு நடுவில் ஏன் சொல்லே இல்லாத அந்தப் பள்ளம் என்று கேட்டேன்.

"அது உங்க வீட்டு வரிங்க மாஸ்டர். வருசா வருசம் கேட்டேன், எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொன்னீங்க. அடுத்தவங்கள அதுல எழுத விட முடியுங்களா? அதான் காலியா வச்சிருந்தேன்."

ரயில் போய்விட்டது. எனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் என் வீட்டு வரியை எழுதிக்கொள்ளும் சுவாமி: அந்த லொடக்கு பூட்ஸ் சத்தம் இன்னும் ஒரே ஒரு தடவை என் வாசலில் கேட்கட்டும்.