பூட்டு சாரும் வாய் திறக்காத செயலியும்

"இன்னும் எவ்வளவு நேரம் சார்?" பையைத் தோளில் மாட்டியபடி சிஸ்டர் கேட்டாள்.

"இதோ, ஒரே நிமிஷம்," என்றார் பூட்டு சார். அந்த ஒரே நிமிஷம் மதியச் சாப்பாட்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மருத்துவமனையில் யாருக்கு வேலை, யாருக்கு லீவு என்று கம்ப்யூட்டரில் போடுகிறவர் அவர். மேசை டிராயரைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். பட்டப்பெயர் தானாக வந்து சேர்ந்தது.

சிஸ்டரின் மகளுக்கு வெளியூரில் பிரசவ வலி எடுத்துவிட்டது. மாலை பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. பூட்டு சார் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அவளுக்கு லீவு. போன வருஷம் குடல்வால் ஆபரேஷனின்போது, "பிழைப்பேனா சிஸ்டர்?" என்று அரற்றிய இவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அதற்கு நன்றி காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

ஆனால் செயலி மாற்றவும் இன்றைக்குத்தான் அவருக்கு நாள் கிடைத்தது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் எண்ணைத் தருகிற, செல்போனிலிருந்த பழைய செயலி, அவர் யாரோடு பேசுகிறார், எங்கே போகிறார் என்றெல்லாம் விசாரித்தது. சம்பந்தி வீட்டார்கூட அவ்வளவு கேட்டதில்லை. 'உங்களைப் பற்றி எதுவும் கேட்க மாட்டோம்' என்ற புதுச் செயலியை இறக்கினார். பழையதைத் தடயமில்லாமல் அழித்தார். அழிப்பதற்கு முன் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வரியை அதற்கப்புறம் படித்தார்.

புதுச் செயலி வெள்ளைத் திரையோடு உட்கார்ந்திருந்தது. ரகசியம் காப்பதில் கெட்டி. அவரிடமே வாய் திறக்கவில்லை.

பழையதை மறுபடி இறக்கினார். 'புதியவரே, வருக' என்றது. குத்துமதிப்பாக ஏதோ எண்களைத் தட்டினார். 'இன்னும் ஒரு வாய்ப்புதான்' என்றது கம்ப்யூட்டர்.

"ஆபரேஷன் அன்னிக்குக்கூட நீங்க இப்படி வேர்க்கலை சார்," என்றாள் சிஸ்டர்.

இனி தலைமை அலுவலக உதவி மையம்தான். அங்கே இருக்கும் பெண்ணுக்கு இவர் பழக்கம். எத்தனையோ தடவை கணக்கைப் பூட்டிக்கொண்டு நின்றபோதெல்லாம் அவள் எப்படியோ திறந்துவிட்டிருக்கிறாள். எப்படி என்று இவர் கேட்டதில்லை; நன்றி மட்டும் சொல்லுவார்.

ஆனால் ஆள் இவர்தானா என்று பார்க்க, முன்பே பதிந்துவைத்த பதில்களை வைத்து அவள் கேள்வி கேட்பாளே! உண்மையைப் பதிந்தால் யாராவது தெரிந்துகொள்வார்கள் என்று எல்லாவற்றுக்கும் பொய்யைப் பதிந்து வைத்திருந்தார். என்ன பொய் என்பதுதான் மறந்துவிட்டது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"இதுக்கென்ன யோசனை?" என்றாள் அவள். "பொய்னு வந்தா நீங்க எங்க அண்ணனைத்தானே இழுப்பீங்க? லேட்டா வந்தா, 'உங்க அண்ணனோட இருந்தேன்.' அவர் பிறந்த ஊரு, அவர் படிச்ச பள்ளிக்கூடம், அவரோட முதல் வண்டி, எல்லாத்தையும் சொல்லிப் பாருங்க."

"நீ தெய்வம்டி!"

"அதை வீட்டுக்கு வந்து எங்க அண்ணன் முன்னாடி சொல்லுங்க."

மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். செல்போனில் உதவி மையத்தைக் கூப்பிட்டார். சிஸ்டர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று வாயைக் கைக்குட்டையால் மூடி, சுவர்ப்பக்கம் திரும்பி, கிசுகிசுத்தார். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில்.

"மூணுமே சரி சார்," என்றாள் அந்தப் பெண். லைன் கட்டாகிவிட்டது.

பூட்டு சார் பெருமையோடு திரும்பினார். திரையில் சிவப்பு எழுத்து: 'கணக்கு முழுமையாக முடக்கப்பட்டது.'

"சரியாத்தானே சொன்னேன்!" என்று நாற்காலியில் சரிந்தார். சிஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

மேசைத் தொலைபேசி அடித்தது. அதே பெண்.

"சார், பிறந்த ஊர் எது?"

உள்ளங்கையைப் பார்த்தார். வியர்வையில் எல்லாம் ஒரே நீலம்.

"ஊரா... எனக்கா, மச்சானுக்கா?"

"முதல் வண்டி?"

"சைக்கிள்... இல்லம்மா, ஸ்கூட்டர். அதுகூட என்னுது இல்லை. அம்மா, தாயே, இங்க ஒருத்தி பாட்டியாகப் போறா, பஸ்ஸு போயிடும்மா!"

"போதும் சார். திறந்தாச்சு."

பொத்தானை அழுத்தினார். சிஸ்டர் அவருடைய நீலக் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நல்லா இருப்பீங்க சார்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஜன்னல் வழியே அவள் ஆட்டோவில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றிம்மா," என்றார் தொலைபேசியில். "ஒண்ணுக்குக்கூட ஒழுங்கா பதில் சொல்லலையே, எப்படி என்னை நம்புனே?"

"இத்தனை வருஷத்துல நீங்க என்னிக்கு சார் ஒழுங்கா சொல்லியிருக்கீங்க?" என்றாள் அவள். "கொஞ்சம் முன்னாடி எவனோ ஒரு திருடன் உங்க பேர்ல கூப்பிட்டு மூணுக்கும் தப்பில்லாம சொன்னான், அது நீங்க இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு, உடனே பூட்டிட்டேன்!"